தெளிப்பதற்கு முன் படித்துவிடு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீயும் நலம் என்று சின்னவன் சொன்னான். உன் கடிதங்களுக்கெல்லாம் பதில் போடாமல் இருந்தவனை இன்று எழுத உட்காரவைத்தது அவன் சொன்ன இன்னொரு சேதி. வயலில் வட்ட வட்டமாக நெற்பயிர் காய்கிறதாம். பக்கத்து வயல்காரர் அடித்ததையே நீயும் அடிக்கப்போகிறாயாம், அதுவும் இரண்டு மருந்தை ஒன்றாகக் கலந்து! பட்டாளத்தார் கலக்கிக் கொடுத்த கஷாயத்தைக் குடித்த பிறகுமா உனக்குக் கலவையில் ஆசை?

வரப்பில் நின்று தீர்ப்புச் சொல்லாதே, உள்ளே இறங்கு. காய்ந்த வட்டத்தின் ஓரத்தில் இன்னும் பச்சையாக நிற்கும் குத்துகளை விலக்கி, தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே பார். அரிசியைவிடச் சிறிய பழுப்புப் பூச்சிகள் அடித்தண்டில் அப்பியிருந்து, கை பட்டதும் பக்கவாட்டில் நகர்ந்து மறுபுறம் ஒளிந்தால் அது புகையான். பிறகு அதைத் தின்னும் சிலந்தியையும் தேடு. சிலந்தியே இல்லாத வயலில் தூருக்கு, அதாவது குத்தில் உள்ள ஒவ்வொரு தண்டுக்கும், ஒரு பூச்சி இருந்தால் மருந்தை யோசிக்கலாம். குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு இரண்டு பூச்சி வரை பொறுக்கலாம்.

எனக்குக் கோபம் வருவது இங்கேதான். புகையான் முட்டையை இலையுறைக்குள் செருகிவைக்கிறது. மேலே பொழியும் மருந்து அதை எங்கே எட்டும்? சாவது சிலந்தியும், அந்த முட்டையைத் தேடி உறிஞ்சும் மிரிட் நாவாய்ப்பூச்சியும்தான். பொரிந்து வரும் குஞ்சுகளைத் தின்ன ஆளில்லை. பைரித்திராய்டு வகை மருந்து அடித்த வயலில் புகையான் முன்னைவிட அதிகமாகப் பெருகுவது இப்படித்தான், நீ உன் காசைக் கொடுத்து அதற்குக் காவல் வைக்கிறாய். இந்தோனேசியா இந்தப் பாடத்தை நாடளவில் படித்தது. புகையான் மிஞ்சிப்போக, 1986-இல் 57 பூச்சிக்கொல்லிகளை நெல்லுக்குப் பயன்படுத்தக் கூடாதென்று அரசே தடுத்துவிட்டது.

இன்றே தண்ணீரை வடித்துவிடு, மண் சில நாள் ஆறட்டும். கையில் இருக்கும் யூரியா மூட்டையைக் கட்டிவை. கரும்பச்சையாகப் பயிர் நின்றால்தான் உனக்குத் தூக்கம் வரும் என்பது எனக்குத் தெரியாதா? தழைச்சத்து மிஞ்சிய பயிர்தான் புகையானுக்கு விருந்து. இத்தனைக்குப் பிறகும் எண்ணிக்கை ஏறினால், புகையான் போன்ற தத்துப்பூச்சிக்கென்றே உள்ள ஏதாவது ஒரு மருந்தை மட்டும், அடித்தண்டு நனையும்படி அடி. இலைமேல் தூவுவது வீண்.

அடுத்த போகத்தில் இவ்வளவு நெருக்கி நடாதே. இரண்டரை மீட்டருக்கு ஒருமுறை ஓரடி இடைவெளி விடு. காற்றும் வெளிச்சமும் அடிவரை போகட்டும். மண்ணைப் பரிசோதிக்கக் கொடுத்துவிட்டு உரம் வாங்கு. நடவுக்கு முன் தக்கைப்பூண்டு என்ற பசுந்தாள் உரப் பயிரை விதைத்து, பூக்கும் தறுவாயில் மடக்கி உழு. கலப்பை இறங்கவில்லை என்று நீ போன முறை புலம்பிய அந்த மேட்டு வயலுக்கு அதுதான் வேண்டும்.

அக்காவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? வாத்தியாரைப் பார்த்தால் என் வணக்கத்தைச் சொல். நான் இவ்வளவு நீளமாக எழுதினேன் என்று மட்டும் சொல்லாதே, நம்பமாட்டார். எண்ணிப் பார்த்த கணக்கை உடனே எழுது. அதுவரை டப்பாவின் மூடியைத் திறக்காதே.

உன்,
பழைய கூட்டாளி