லூட் வாசிக்கும் பெண்ணுக்குச் சட்டை மாட்டச் சொல்லும் மதிப்பாய்வுக் குழுவினருக்கு

வணக்கம்.

உங்கள் செயலிக் கடையின் சிறுவர் பிரிவுக்கு நாங்கள் அனுப்பிய, பண்டைய எகிப்தின் இசைக்கருவிகளைப் பற்றிய செயலியை, ‘பொருந்தாத படம்’ என்ற ஒற்றை வரியோடு போன வாரம் மறுபடியும் திருப்பி அனுப்பியிருக்கிறீர்கள். எந்தப் படம் என்று உங்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். ஆங்கிலத்தில் எழுதிய ஒவ்வொரு விளக்கத்துக்கும் எழுத்து மாறாமல் அதே பதில்தான் வந்தது. எப்படியும் அதே பதில்தான் என்றால், மொழியாவது என்னுடையதாக இருக்கட்டும் என்று இந்த முறை தமிழில், எல்லோரும் பார்க்கும்படி எழுதுகிறேன்.

எகிப்தின் லக்சரில், நைலின் மேற்குக் கரையில் நக்த் என்பவரின் கல்லறை இருக்கிறது. அதன் சுவரில் சுமார் 3,400 ஆண்டுகளுக்கு முன் தீட்டிய மூன்று பெண்கள் வாசித்துக்கொண்டிருக்கிறார்கள். ஒருத்தியிடம் ஹார்ப், ஒருத்தியிடம் இரட்டைக் குழல். நடுவில் இருப்பவள் லூட் என்ற நரம்புக் கருவியை மீட்டியபடியே தலையைத் திருப்பித் தோழியைப் பார்க்கிறாள். அவள் உடம்பில் இருப்பது நகைகளும் இடுப்பில் ஒரு மெல்லிய கச்சையும்தான். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் இந்த ஓவியத்தின் நகலை வைத்திருக்கிறது. எகிப்தியக் கலை பற்றிய புத்தகங்களில் பலமுறை அச்சான படம் இது. உங்கள் கடையில் மட்டும் இது வயதுவந்தோருக்கான படம்.

மறையுங்கள் அல்லது மாற்றுங்கள் என்கிறீர்கள். அதாவது, இத்தனை நூற்றாண்டு கழித்து நான் அவளுக்குச் சட்டை வரைந்து மாட்ட வேண்டும். அப்புறம் அதை ‘பண்டைய எகிப்து’ என்று குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

அந்தப் படம் இருக்கும் திரையில் என்ன நடக்கிறது என்று உங்களில் ஒருவராவது தொட்டுப் பார்த்தீர்களா? லூட்டைத் தொட்டால் ஒரு கம்பி மட்டும் அதிரும். பக்கத்தில் கருவியின் உள்ளமைப்பு விரியும்: தோல் போர்த்திய உடல், நீண்ட கழுத்து, கயிற்றில் தொங்கும் மீட்டுகோல். அந்தக் கயிறு எங்கள் கற்பனை இல்லை. பாடகர் ஹர்மோசின் கல்லறையில் கிடைத்த லூட்டில் மீட்டுகோல் அப்படித்தான் கட்டியிருக்கிறது. அடுத்த திரையில் ஹார்ப். நம் பழைய யாழைப் போலவே வில்லாக வளைந்தது என்பதால் நம் பிள்ளைகளுக்கு உடனே பிடிபடும். ஆனால் தயாராக ஒரு பாட்டுகூட நாங்கள் வைக்கவில்லை. எகிப்திய மன்னர்களான ஃபாரோக்களின் காலத்து இசைக்குறிப்பு எதுவும் நமக்குக் கிடைக்காததால், இதுதான் அந்தக் கால மெட்டு என்று யாராலும் சொல்ல முடியாது. அதைத் திரையிலேயே எழுதிவிட்டு, ‘நீயே வாசித்துப் பார்’ என்று குழந்தையிடம் விட்டுவிட்டோம்.

ஒரே ஒரு மனிதர், ஐந்து நிமிடம், இந்தச் செயலியைத் திறந்து பார்க்க வேண்டும். நாங்கள் கேட்பது இவ்வளவுதான்.

உங்கள் கடையிலேயே ‘எகிப்து’ என்று தேடிப் பாருங்கள். ஃபாரோ தலை சுழல்கிற சூதாட்ட விளையாட்டுகள் வரிசையாக வரும். கிளியோபாட்ரா கண்ணடிப்பாள், தங்கக் காசு கொட்டும், பின்னணியில் பாம்பாட்டி மகுடி ஓசை. அவை எல்லாம் உங்கள் மதிப்பாய்வில் தேறிவிட்டன. ஃபாரோ துட்டன்காமுன் கல்லறையில் வெள்ளியில் ஒன்று, வெண்கலத்தில் ஒன்று என இரண்டு எக்காளங்கள் கிடைத்தன. 1939-ல் பிபிசி வானொலிக்காக அவற்றை ஊதியும் காட்டினார்கள். அந்த ஒலியை எங்கள் செயலியில் குழந்தை கேட்கக் கூடாது, ஃபாரோ படம் போட்ட சூதாட்டம் மட்டும் கேட்காமலே திரைக்கு வரும். ஆண்டுக் கட்டணத்தை வாங்கும்போது சின்ன டெவலப்பர், பெரிய கம்பெனி என்று நீங்கள் பாகுபாடு பார்ப்பதில்லை. மேல்முறையீட்டைப் படிக்கும்போதும் அதே சமத்துவம் கிடைத்தால் நன்றாக இருக்கும்.

சரி, கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் விதிகள் எதற்கு என்று எனக்குப் புரிகிறது. குழந்தைகளைப் பாதுகாக்கத்தான் வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. படத்தைச் சலிக்க இயந்திரத்தை வைப்பதிலும் எனக்குப் புகார் இல்லை. ஆனால் அதன் முடிவை எதிர்த்து எழுதிய கடிதத்தையும் அதே இயந்திரம்தான் படிக்க வேண்டுமா?

எங்கள் மேல்முறையீடு இன்னும் உங்கள் வரிசையில் இருக்கிறது. தயவுசெய்து அதை ஒரு மனிதரிடம் கொடுங்கள். மூன்றாவது திரையைத் திறந்து, அந்தப் பெண்ணின் கையிலுள்ள லூட்டைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அதன் பிறகும் மறுப்பதென்றால், அவரே தம் சொந்த வார்த்தையில் காரணத்தை எழுதி அனுப்பட்டும்.

பணிவன்புடன்,
உங்கள் கடையில் இடம் கேட்டு நிற்கும் ஒரு சிறு டெவலப்பர்