சாண மாதிரி கொடுக்கும் பண்ணையாளர்கள் கவனத்துக்கு

குலசேகரம், அருமனை, கருங்கல் பக்கத்துப் பன்றிப் பண்ணைக்காரர்களுக்கு வணக்கம். குடல்புழு கணக்கெடுப்புக்காகச் செவ்வாய்க்கிழமை காலை சாண மாதிரி வாங்க வருகிறோம். தரையில் கிடக்கும் பழைய சாணம் வேண்டாம். மண்ணில் தானாக வாழும் புழுக்கள் அதில் ஏறிவிடும், கணக்கே கெட்டுப்போகும். பன்றி போட்ட உடனே, தரையில் படாத மேல்பகுதியிலிருந்து 10 கிராம் போல எடுங்கள். குட்டி, வளரும் பன்றி, தாய்ப்பன்றி ஒவ்வொன்றுக்கும் தனிக் கவர், மேலே எழுதிவிடுங்கள். ஐஸ் பெட்டியில் வைக்கலாம். ஃப்ரீசரில் வேண்டவே வேண்டாம், சாணத்தில் உள்ள புழு முட்டை சிதைந்துவிடும்.

கொழுத்த பன்றிக்குப் புழு இருக்காது என்று சிலர் மாதிரி தராமல் விடுகிறார்கள். கொழுத்த பன்றியிலும் புழு இருக்கலாம். பன்றிக் குடலில் வாழும் ஒரு பெண் உருண்டைப்புழு நாளுக்கு 2 லட்சம் முட்டைக்கு மேலேயும் போடும். அவை மண்ணில் வருடக்கணக்கில் உயிரோடு கிடக்கும். அதனால் எல்லாப் பன்றியின் மாதிரியும் வேண்டும். கடைசியாகப் புழு மருந்து கொடுத்த தேதியை மறைக்காமல் சொல்லுங்கள், இது பரீட்சை இல்லை. கையுறை கட்டாயம்.