ஏ3

அன்புள்ள பாப்பா,

நல்லபடியாகப் புனே போய்ச் சேர்ந்தாய் என்று அம்மா சொன்னாள். ஐந்து நாள் லீவில் வந்தாய். இரண்டாம் நாள் காலையிலேயே நான் டூல்ஸ் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன். "சின்ன வேலைதான், ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்க நானே வந்துடுவேன்" என்றேன். இன்று வியாழன். இன்னும் கவுகாத்தியில்தான் இருக்கிறேன். போனில் சொன்னால் "சரிப்பா, பரவால்லப்பா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

பல்டன் பஜாரில், ரயில்வே ஸ்டேஷன் பக்கத்தில் லாட்ஜ். முதல் நாள் நான் இந்தியில் திக்கித் திணறி டீ கேட்டேன். ரூம் பையன் சிரித்துக்கொண்டே, "சர்க்கரை போடலாங்களாண்ணா?" என்றான். நாலு வருஷம் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தானாம். கன்னியாகுமரியிலிருந்து திப்ருகர் போகிற விவேக் எக்ஸ்பிரஸில் போய் வந்தவன். நாலாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓடும் வண்டி அது. நம் ஊர் சாம்பாரைத்தான் நினைத்து ஏங்குகிறேன் என்கிறான். நானும்தான்.

வேலை ஒரு மருத்துவமனையில். பேஷன்ட் பதிவு, லேப் ரிப்போர்ட் எல்லாம் ஒரே சர்வரில் ஓடுகிறது. அது திடீர் திடீரென்று தானாக ரீஸ்டார்ட் ஆகிறது. ஒரு தடவை விழுந்தால் எழுந்து வரவே பத்து நிமிஷம். அதற்குள் கவுண்டரில் வரிசை வாசலைத் தாண்டிவிடுகிறது. சர்வர் தானே குறித்து வைக்கும் லாகைப் பார்த்தேன். எல்லா வரியும் ஒரே இடத்தைத்தான் காட்டியது: ஏ3 ஸ்லாட்டில் இருக்கும் ரேம். உனக்குத் தெரியாததா? ஒரு பிட் பிசகினால் இசிசி, அதாவது மெமரிப் பிசகைப் பிடிக்கிற ஏற்பாடு, தானே திருத்திக்கொண்டு லாகில் ஒரு வரி எழுதிவிட்டுப் போய்விடும். சேர்ந்தாற்போல் இரண்டு பிட் பிசகினால் பிசகு தெரியும், திருத்த முடியாது. சர்வர் நின்றுவிடும்.

பகலில் ஏ3-ஐக் கழற்றிவிட்டு, இருக்கிற மெமரியில் ஊர்ந்து ஓடட்டும் என்று விட்டோம். ராத்திரி ஒன்றிலிருந்து நாலு வரை மட்டும் சர்வர் என் கையில். அதாவது ஒரு ராத்திரிக்கு ஒரு சோதனை. முதல் ராத்திரி ஏ3-இல் இருந்த ரேமை பி3-க்கும், பி3-இல் இருந்ததை ஏ3-க்கும் மாற்றினேன். எரர் ரேமோடு போகவில்லை, ஏ3-லேயே நின்றது. அடுத்த ராத்திரி மழை கொட்டித் தள்ளி, தெருவில் முழங்கால் தண்ணீர், போகவே முடியவில்லை. மூன்றாம் ராத்திரி இரண்டு பிராசசரையும் இடம் மாற்றினேன். மெமரியை நடத்துகிற கன்ட்ரோலர் இப்போதெல்லாம் பிராசசருக்குள்ளேயே இருப்பதால் அதையும் சந்தேகப்படத்தானே வேண்டும்? அப்போதும் எரர் ஏ3-இல்தான். ரேமும் இல்லை, பிராசசரும் இல்லை என்றால் பாக்கி இருப்பது மதர்போர்டு. எங்கள் வழக்கப்படி அதோடு கதை முடிந்தது. "போர்டு போச்சு" என்று எழுதி, புதுசுக்குச் சொல்லிவிட்டு ஊருக்குக் கிளம்பலாம். கழற்றின பழைய போர்டை எவனும் பிரித்துப் பார்க்கப் போவதில்லை.

இந்த ஊரில் இப்போது நாலரைக்கே விடிந்துவிடுகிறது. நாம் எல்லாரும் ஒரே கடிகாரத்தில் ஓடுகிறோம், சூரியன் அதைக் கேட்குமா? டீ எஸ்டேட்டுகளில் 'பாகான் டைம்' என்று ஒரு மணி நேரம் முன்தள்ளி வைத்துக்கொள்கிறார்கள். சர்வர் ரூமிலிருந்து வெளியே வந்தால் வெயில் கண்ணைக் குத்துகிறது. படுத்தாலும் தூக்கம் வராது. அப்படியே உஜான் பஜார் படித்துறைக்கு நடந்தேன். காவிரி நமக்கு ஆறு. பிரம்மபுத்திராவை என்ன சொல்வதென்று தெரியவில்லை. நடுவில் ஒரு தீவு, அதில் ஒரு சிவன் கோயில், உமானந்தா. கரையில் மீன் ஏலம். ஞாயிற்றுக்கிழமையும் அங்கேதான் நின்றிருந்தேன், வாங்கிக் கொடுக்க ஆள் இல்லாமல். அன்று மத்தியானம் தக்காளி போட்ட புளிப்பு மீன் குழம்பு சாப்பிட்டேன். 'மாசோர் டெங்கா' என்கிறார்கள். காரமே இல்லை, ரசம் மாதிரி தெளிவாக இருக்கிறது. அம்மாவிடம் பிடித்திருந்தது என்று சொல்லிவிடாதே.

மருத்துவமனை ஐடி பையன் தினம் எனக்குத் துணைக்கு இருந்தான். அவன் கொடுத்த தாமூலை, அதாவது பச்சைப் பாக்கை, வெற்றிலையில் வைத்து மென்றேன். ரெண்டு நிமிஷத்தில் காது சூடாகி வியர்த்து ஊற்றியது. ஏசி ரூமில் சட்டை நனைந்து உட்கார்ந்திருந்த ஒரே ஆள் உன் அப்பாதான்.

நாலாம் ராத்திரி. கிளம்பியிருக்கலாம், கிளம்பவில்லை. ஏதோ உறுத்தியது. டி30 டிரைவரை எடுத்து, பிராசசர் சூட்டை இழுக்கும் ஹீட்சிங்கை மறுபடி கழற்றி, அதோடு சேர்ந்து வரும் பிராசசரையும் ஓரம் வைத்தேன். பிராசசர் உட்காரும் அந்த சாக்கெட்டில் 3647 முள் இருக்கிறது, பாப்பா. முடி மாதிரி மெல்லிசு. டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் நாற்று நட்ட வயல் காற்றுக்குச் சாய்ந்த மாதிரி எல்லாம் வரிசையாக மின்னும். ஓர் இடத்தில் மட்டும் மின்னவில்லை. கண்ணாடி போட்டும் எனக்குத் தெரியவில்லை. போன் கேமராவில் பெரிதாக்கிப் பார்த்தேன். முட்களுக்கு நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு துளி, ரவையில் பாதி கூட இருக்காது. பிராசசர் சூடு ஹீட்சிங்குக்குப் போக நடுவில் தடவுகிற தெர்மல் பேஸ்ட்.

அந்த சாக்கெட்டைத் திறந்த ஆள் நான் ஒருவன்தான். போன தீபாவளிக்கு முன்னால் இதே சர்வருக்குப் பிராசசர் மாற்ற வந்தேன், ஞாபகம் இருக்கிறதா? சாயந்தர ஃபிளைட்டைப் பிடித்தாக வேண்டும் என்று அரக்கப் பரக்க முடித்துவிட்டு, தீபாவளிக்கு முதல் நாள் ராத்திரி வீட்டுக்கு வந்தேனே, அந்த வேலை. பேஸ்ட் பட்ட கையுறையோடு பிராசசரின் அடிப்பக்கத்தைத் தொட்டிருப்பேன். அந்தத் தடவை நீ போன் பண்ணி "எப்பப்பா வருவே" என்று கேட்டதை இதோடு கோத்துப் பார்க்காதே. அவசரம் என்னுடையது.

பஞ்சு வைத்துத் துடைத்தால் நார் மாட்டி முள் வளைந்துவிடும். செவ்வாய்க்கிழமை பான் பஜாரில் ஒரு ஸ்டேஷனரி கடையில் குழந்தைகள் பெயின்ட் பண்ணுகிற மெல்லிய பிரஷ் வாங்கினேன். அன்று ராத்திரி ஐசோபுரொபைல் ஆல்கஹாலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, முள் சாய்ந்திருக்கும் திசையிலேயே ஒற்றி எடுத்தேன். ஒன்றரை மணி நேரம் ஆனது. கை நடுங்கும் என்று பயந்தேன், நடுங்கவில்லை. ஏ3-இல் ரேமை மாட்டினேன். அன்றிலிருந்து இந்த நிமிஷம் வரை எரர் கவுன்ட் பூஜ்யம்.

இருந்தாலும் முள்ளில் பிரஷ் பட்ட போர்டை நம்பி ஒரு மருத்துவமனையை விட்டுவிட்டு வர மனசு இல்லை. கொல்கத்தாவிலிருந்து புது போர்டு நாளைக்கு வருகிறது. ராத்திரி மாட்டிவிட்டு, சனிக்கிழமை கிளம்புவேன்.

ரிப்போர்ட்டில் 'காரணம்' என்று ஒரு கட்டம் உண்டு. ஐடி பையன் எட்டிப் பார்த்து, "போர்டு ஃபால்ட் என்றே போடுங்கள் சார், யாருக்குத் தெரியப் போகிறது" என்றான். நல்ல பையன், எனக்காகத்தான் சொன்னான். நானும் பேனாவை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். சும்மா சொல்லக் கூடாது, ஆசையாகத்தான் இருந்தது. ரிட்டயர்மென்ட்டுக்கு இரண்டு வருஷம்தான் இருக்கிறது. கடைசியில் "முந்தைய சர்வீஸின்போது சாக்கெட்டில் பேஸ்ட் சிந்தியது" என்று எழுதி, கீழே முந்தைய சர்வீஸ் தேதியையும் என் பெயரையும் போட்டேன். சென்னை ஆபீஸிலிருந்து இன்னும் போன் வரவில்லை. வரும். அம்மாவிடம் இதை இப்போது சொல்லாதே, பிரஷர் மாத்திரை போடுகிறவள். வந்து நானே சொல்லிக்கொள்கிறேன்.

உனக்கு அரை கிலோ அசாம் டீத்தூள் வாங்கியிருக்கிறேன், கூரியரில் வரும். பால் விட்டுக் கொதிக்கவிட்டால்தான் ருசி.

லேப்டாப் கொதிக்கிறது, ஃபேன் கத்துகிறது, பாருங்கப்பா என்றாயே. பார்க்காமலே வந்துவிட்டேன். நீயாகத் திறக்காதே. அடுத்த தடவை வரும்போது எடுத்து வா. பேஸ்ட் காய்ந்திருக்கும், மாற்ற வேண்டும். கையுறை இரண்டு ஜோடி எடுத்து வைக்கிறேன்.

அன்புடன்,
அப்பா