பொடியும் கீரையும்

சுங்கை சிப்புட்

அன்பு மகள் கவிதாவுக்கு,

அப்பா எழுதுவது. காய்ந்த கொத்தமல்லி இலையில் 100 கிராமுக்கு 42 மில்லிகிராம் இரும்புச்சத்து, வேகவைத்த பாயாம் கீரையிலோ (நம் தண்டுக்கீரை இனம்தான்) 2 மில்லிகிராமுக்குச் சற்று மேல்தான் என்று நீ அனுப்பிய அட்டவணையைப் பார்த்தேன். எண்களில் தவறில்லை. ஆனால் அதை நம்பி, கீரை வாங்கி ஆய்வதை விட்டுவிட்டுச் சோற்றில் அந்தக் காய்ந்த இலைப் பொடியைத் தூவிக்கொள்கிறேன் என்கிறாயே, அதுதான் எனக்குச் சரியாகப் படவில்லை.

முதலில் தண்ணீரைப் பார். வெந்த கீரையில் நூற்றுக்கு 91 பங்கு தண்ணீர். காய்ந்த இலையில் 7 பங்குதான். தோட்டத்தில் ரப்பர் பால் நிறுக்கும்போது வாளியின் எடையை மட்டும் வைத்துக் கிராணி, அதாவது தோட்டத்துக் கணக்கர், கணக்கு எழுதுவதில்லை. பாலின் அடர்த்தியை அளக்கும் மெட்ரோலாக் கருவியை மிதக்கவிட்டு, காய்ந்தால் எவ்வளவு ரப்பர் தேறும் என்று பார்த்துத்தான் எழுதுவோம். பழக்கதோஷம், அதே கணக்கை உன் அட்டவணைக்கும் போட்டுப் பார்த்தேன். இரண்டிலும் தண்ணீரைக் கழித்துவிட்டால், 19 மடங்காகத் தெரிந்த இரும்புச்சத்து வித்தியாசம் இரண்டு மடங்குக்கும் கீழே இறங்கிவிடுகிறது. கால்சியத்திலோ, 1,246 மில்லிகிராமுக்கு 209 என்று பின்தங்கி நின்ற கீரைதான் முந்துகிறது.

அதைவிடப் பெரிய விஷயம், யார் எவ்வளவு சாப்பிட முடியும் என்பது. காய்ந்த கொத்தமல்லி ஒரு தேக்கரண்டி என்றால் அரை கிராமுக்குச் சற்றே கூடுதல்; அதில் கால் மில்லிகிராம் இரும்பும் ஏழெட்டு மில்லிகிராம் கால்சியமும் கிடைக்கும். வெந்த பாயாம் ஒரு கப், சுமார் 130 கிராம், உனக்கு 3 மில்லிகிராம் அளவுக்கு இரும்பையும் 270 மில்லிகிராம் கால்சியத்தையும் தருகிறது. அந்த இரும்பைப் பொடியிலிருந்து பெற வேண்டுமானால் பன்னிரண்டு தேக்கரண்டி தின்ன வேண்டும். ரசம்கூட அவ்வளவைத் தாங்காது.

கீரையில் உள்ளதெல்லாம் அப்படியே உடம்பில் சேர்ந்துவிடும் என்றும் நினைக்காதே. பாயாமில் இருக்கும் ஆக்சலேட், கால்சியத்தில் ஒரு பகுதியைப் பிடித்துவைத்துக்கொள்ளும். தாவர உணவின் இரும்பும் இறைச்சியின் இரும்பைப்போல எளிதில் சேராது. அம்மா செய்வதுபோல நெத்திலி போட்டுப் பிரட்டி, இறக்கியபின் எலுமிச்சை பிழிந்துகொண்டால், மீனும் வைட்டமின் சியும் இரும்பு சேர உதவும். சாப்பிட்ட கையோடு தே தாரிக் (ஆற்றிய பால் தேநீர்) குடிக்கும் பழக்கத்தை மட்டும் ஒரு மணி நேரம் தள்ளிப்போடு, தேயிலை இரும்பு சேர்வதைத் தடுக்கும்.

வாங்கிய பொடியைத் தூக்கிப் போட வேண்டாம். சூப்பில் வாசனைக்குப் போட்டால் உப்பையும் குறைத்துக்கொள்ளலாம். ஆனால் கிளினிக்கில் கொடுத்த இரும்பு மாத்திரையைப் பொடியை நம்பியோ கீரையை நம்பியோ நிறுத்திவிடாதே. அடுத்த இரத்தப் பரிசோதனை எப்போது என்று அம்மா கேட்கிறாள், தேதியை எழுது.

அன்புடன்,
அப்பா