சரிசெய்துவிட்டதாகச் சொல்லித் தந்த சூப் இயந்திரம் பற்றிய முறைப்பாடு

ஸ்காபரோ, ஒன்ராறியோ
5 நவம்பர் 2025

வாடிக்கையாளர் சேவை முகாமையாளர் அவர்களுக்கு,

வணக்கம்.

இதே விடயத்தை உங்கள் அலுவலகத்தில் ஐந்து பேரிடம் வாயால் சொல்லிக் களைத்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் புதிதாக ஒருவர் வந்து, "முதலிலிருந்து சொல்லுங்கள்" என்கிறார். இனி முதலிலிருந்து சொல்ல என் தொண்டை இடம் கொடாது. ஆகவே எழுதுகிறேன். "தமிழிலேயே சேவை" என்று விளம்பரம் செய்பவர்கள் நீங்கள் என்பதால் தமிழிலேயே எழுதுகிறேன்.

நன்றி தெரிவித்தல் நாளுக்கு இரண்டு நாள் முன்பு, ஒக்ரோபர் 11 ஆம் திகதி, அடிப்பாகத்தின் மேல் வைத்த கண்ணாடி ஜாடிக்குள் தானே கொதிக்கவைத்துத் தானே அரைக்கும் உங்கள் சூப் இயந்திரத்தை 219 டொலருக்கு வாங்கினேன். 13 சதவீத வரியோடு 247 டொலர் 47 சதம். பற்றுச்சீட்டின் பிரதி இத்துடன் இருக்கிறது. இதற்குமேல் நான் விளக்கத் தேவையில்லை. உங்கள் பொருளை உங்களுக்கே விவரிப்பது அழகும் அல்ல. அந்தச் சிவப்பு விளக்குத்தான் பிரச்சினை. அது எரிந்தால் இயந்திரம் நின்றுவிடும் என்பது உங்களுக்குத் தெரியும்.

முதல் இரண்டு வாரம் அது ஒழுங்காக வேலை செய்தது. அதை மறைக்கமாட்டேன். பருப்பும் கரட்டும் போட்டு இரண்டு முறை சூப் வைத்தேன். பட்டுப் போல வந்தது. 24 ஆம் திகதி, வெள்ளிக்கிழமை, ஒக்ரோபர் 31இல் வரும் ஹலோவீன் என்ற பேய் விழா விருந்துக்கு ஒத்திகையாகப் பூசணி சூப் வைத்த அன்றுதான் அந்த விளக்கு முதன்முதலாக எரிந்தது. சூடாக்குவதும் நின்றது, அரைப்பதும் நின்றது.

"சூப்புக்கும் ஒத்திகையா?" என்று தொலைபேசியில் உங்கள் பெண் ஊழியர் ஒருவர் சிரித்தார். அவரிடம் பிறகு வருகிறேன்.

நான் இந்த நாட்டுக்கு வந்து முப்பது வருடம் தாண்டிவிட்டது. அத்தனை வருடமும் ஒக்ரோபர் 31 மாலையானால் வாசல் விளக்கை அணைத்துவிட்டு, மிட்டாய் கேட்டு வரும் பிள்ளைகளுக்கு வீட்டில் ஆளில்லாததுபோல் உள்ளே இருந்தவள். ஊரில் நாங்கள் பேயை விருந்துக்கு அழைத்ததில்லை. நீத்துப்பூசணியை உடைத்து நாவூறு கழித்துத் துரத்தித்தான் பழக்கம். இந்த வருடம் என் ஏழு வயதுப் பேத்தி, "அம்மம்மா, பேய் விருந்து உங்கள் வீட்டில்தான்" என்று சொல்லிவிட்டாள். எல்லோருமாக ஒன்பது பேர். முப்பது வருடத்தில் முதன்முறையாக என் வாசல் விளக்கு எரியப் போகிறது. ஒத்திகை ஏன் என்று இப்போது அந்த ஊழியருக்கு விளங்கியிருக்கும் என நம்புகிறேன்.

பிள்ளைகள் கேட்டது சிலந்தி வலை சூப். முகம் வெட்டி வாசலில் வைக்கும் பெரிய பூசணி சமையலுக்கு உதவாது. தண்ணீரும் நாருமாக இருக்கும். அதனால் இரண்டு பட்டர்நட் பூசணி, நான்கு கரட், முழு உள்ளி ஒன்று, புளிப்புக்கு ஒரு மக்கின்ரோஷ் ஆப்பிள். எல்லாவற்றையும் 400 பாகை ஃபாரன்ஹீட்டில் முக்கால் மணி நேரம் வாட்டினால் பூசணியின் வெட்டுப் பக்கம் கருகத் தொடங்கி இனிப்பு ஏறும். சேஜ் இலை போடச் சொல்கிறார்கள். அந்த மணம் எனக்கு ஒத்துவராது, மிளகும் சாதிக்காயும் போட்டேன். பிறகு மரக்கறி வேகவைத்த தண்ணீர் விட்டு மழமழவென்று அரைக்க வேண்டும். அந்த அரைப்பில்தான் முழு விடயமும் இருக்கிறது. சற்று இளக்கிய புளித்த கிரீமால் மேலே மூன்று வட்டம் இட்டு, பல்லுக்குச்சியால் நடுவிலிருந்து வெளியே எட்டுக் கோடு இழுத்தால் வலை. சூப் கட்டிகட்டியாக இருந்தால் வட்டம் நிற்காது, கிரீம் பள்ளத்தில் இறங்கிவிடும். உங்கள் பெட்டியின் மேல் அச்சடித்திருக்கும் படத்திலும் இதே செம்மஞ்சள் சூப்தான், ஆவி பறக்க.

ஆவியை ஏன் சொல்கிறேன் என்றால், "கொதிக்கும் திரவம் ஊற்றியிருப்பீர்கள், அதனால் உத்தரவாதம் செல்லாது" என்று எனக்குச் சொல்லப்பட்டது. சூப்பைத் தானே கொதிக்க வைக்கும் இயந்திரம் என்று விற்றுவிட்டு, அதற்குள் சூடு போகக்கூடாது என்றால் நான் யாரிடம் போய் அழுவது? தயவுசெய்து உங்கள் பொருள் என்ன செய்யும் என்பதை முதலில் உங்கள் ஊழியர்களுக்கு ஒரு நாள் காட்டிக்கொடுங்கள்.

இனிப் பயணங்கள். திங்கட்கிழமை கதைத்தவர், "ஜாடியை மட்டும் கொண்டு வாருங்கள், போதும்" என்றார். ஒன்றுக்கு இரண்டு தடவை கேட்டேன். போதும் என்றார். செவ்வாய்க்கிழமை அந்தக் கண்ணாடி ஜாடியைத் துவாயில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு இரண்டு பஸ் மாறி வந்தேன். 2023 ஜூலையில் தடம் புரண்டதோடு ஸ்காபரோ ரயிலையும் மூடிவிட்டார்கள்; எனக்கு எல்லாம் பஸ்தான். ஐம்பது நிமிடம் காத்திருந்து கருமபீடத்தை அடைந்தால், "அடிப்பாகம் எங்கே? அது இல்லாமல் எப்படிப் பார்ப்பது?" என்று கேட்கிறார்கள். அந்தக் கருமபீடத்துத் தம்பியை நான் குறை சொல்லவில்லை. முதல் நாள் இரவு ரொறன்ரோ பேஸ்போல் அணியான புளூ ஜேஸின் ஆட்டம் 18 இன்னிங்ஸ் இழுபட்டு அதிகாலை மூன்று மணியளவில் முடிந்ததால் பாவம், கண் திறக்க முடியாமல் நின்றார். என் மருமகனும் அன்று அந்தக் கோலத்தில்தான் வேலைக்குப் போனார். ஆனால் ஜாடி மட்டும் போதும் என்று சொன்னவருக்கு என்ன சாட்டு? திரும்பும்போது என் பிரெஸ்டோ பஸ் அட்டையில் ஒரு கட்டணத்துக்கு உரிய இரண்டு மணி நேரம் தாண்டிவிட்டதால் மறுபடியும் காசு போனது. சில்லறைக் காசுதான். ஆனால் அந்தச் சில்லறையை நினைத்தால் எனக்கு இன்னும் நெஞ்சு எரிகிறது.

புதன்கிழமை முழு இயந்திரத்தையும் சுமந்து வந்து கொடுத்தேன். வியாழக்கிழமை மீண்டும் வந்து எடுத்தேன். "சரிசெய்தாயிற்று, பரிசோதித்தாயிற்று" என்று எழுதிய மஞ்சள் துண்டு அதில் ஒட்டியிருந்தது. அந்தத் துண்டைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை மாலை 5.40. பிள்ளைகள் தெருவில் மிட்டாய் சேர்க்கப் போய்விட்டார்கள்; ஆறரைக்குச் சாப்பாடு. மூடியைப் பூட்டி ஆளியை அழுத்தினேன். சிவப்பு விளக்கு.

உங்களுக்குத்தான் அழைத்தேன். அப்போது எடுத்தவர்தான் நான் மேலே சொன்ன அந்தப் பெண். நான் சொல்லி முடிக்கவில்லை, "சூப்தானே அன்ரி, கரண்டியால் மசித்துக் கொடுங்கள். பிள்ளைகளுக்கு என்ன தெரியப் போகிறது?" என்றார். பொறுமையாக, மேலதிகாரியோடு கதைக்க முடியுமா என்று கேட்டேன். "ஹலோவீன் அன்று இந்த நேரத்தில் எவரும் இருக்கமாட்டார்கள் அன்ரி, நீங்களும் போய்ச் சந்தோசமாக இருங்கள்" என்று சொல்லி வைத்துவிட்டார். ஐயா அல்லது அம்மா, எனக்கு வயது 71. ஊரில் 22 வருடம் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவள். என் முகத்துக்கு நேரே எந்தப் பிள்ளையும் இப்படிக் கதைத்ததில்லை. அந்த அழைப்பு ஒலிப்பதிவு செய்யப்படுகிறது என்று தொடக்கத்தில் உங்கள் இயந்திரக் குரலே சொன்னது. தயவுசெய்து அதை எடுத்துக் கேளுங்கள். கேட்டுவிட்டு எனக்குச் சொல்லுங்கள், சிரித்தது நானா அவரா என்று.

அவசரத்தில் மகளின் பழரச பிளெண்டரை எடுத்தேன். சூடானதை மூடிய ஜாடியில் நிறைய ஊற்றக்கூடாது, ஆவி மூடியைத் தூக்கும் என்பது எனக்குத் தெரியாததல்ல. மற்ற நாளில் பாதிக்கு மேல் ஊற்றியிருக்கமாட்டேன். அன்று கை பதறியது. மூடி கூரையில் மோதியது. குசினிக் கூரை, சுவர், நான் கட்டியிருந்த சேலை எல்லாம் செம்மஞ்சள். நல்லவேளை எவருக்கும் சுடவில்லை. மிட்டாய்ப் பையோடு உள்ளே வந்த பிள்ளைகள், இதுவும் விருந்தின் ஒரு பகுதி என்று எண்ணிக் கைதட்டினார்கள். அதைக் கேட்டு நீங்கள் நிம்மதி அடைய வேண்டாம்.

மிஞ்சியதை அரிதட்டில் தேய்த்து ஒன்பது பேருக்கும் ஆளுக்கு நாலு கரண்டி கொடுத்தேன். வலை நிற்கவில்லை. பேத்தி எட்டிப் பார்த்துவிட்டு, "சிலந்தி செத்துப்போச்சா அம்மம்மா?" என்று கேட்டாள். என் விருந்து அத்தோடு முடிந்தது. அன்றிரவு புளூ ஜேஸ் 3-1 என்று தோற்றதற்கும் உங்களைப் பொறுப்பாக்கமாட்டேன். ஆனால் ஒரே வீட்டில் ஒரே இரவில் இரண்டு துக்கம் அதிகம்.

ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். மறுநாள் மூத்த பேரன் மூடியைத் திருப்பிப் பார்த்தான். உள்ளே இருக்க வேண்டிய ரப்பர் வளையம் இல்லை. புதன்கிழமை நான் கொடுக்கும்போது இருந்தது. உங்கள் திருத்துநர் கழற்றிவிட்டுத் திருப்பிப் போட மறந்திருக்கிறார். அது இன்னும் அவருடைய மேசையில்தான் கிடக்கும், தேடிப் பாருங்கள். வளையம் இல்லாத மூடியை வைத்துத்தான் "பரிசோதித்தாயிற்று" என்று ஒட்டினீர்கள்.

எனக்கு வேண்டியவை: 247 டொலர் 47 சதம் முழுவதும். சூப்புக்கு வாங்கிய மரக்கறிச் செலவு. கூரைக்கு வர்ணம் பூசும் செலவு. மருமகன் தானே பூசுவதாகச் சொல்கிறார், எனவே வர்ண வாளியின் விலை போதும். மூன்று பயணத்தின் பஸ் காசு. சேலைக்குக் கேட்கவில்லை, ஊறப்போட்டிருக்கிறேன். புதிய வளையமும் வேண்டாம், புதிய இயந்திரமும் வேண்டாம். நீங்கள் நல்ல நிறுவனம் என்று பலர் சொல்லித்தான் உங்களிடம் வாங்கினேன். இன்னும் அந்த எண்ணத்தை முற்றாக விடவில்லை.

நவம்பர் 15 வரை காத்திருப்பேன். அதன்பின் ஒன்ராறியோவின் 2002 ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் மாகாண அரசிடம் முறையிடுவேன். அதற்கும் மசியாவிட்டால் சிறு கோரிக்கை நீதிமன்றம் இருக்கிறது. கடந்த ஒக்ரோபர் 1 முதல் அங்கே 35,000 டொலருக்குப் பதிலாக 50,000 டொலர் வரை வழக்குப் போடலாம் என்று பேரன் சொல்கிறான். அவ்வளவு நான் கேட்கமாட்டேன். ஆனால் கேட்க இடம் இருக்கிறது என்பதை நீங்கள் அறிந்திருப்பது நல்லது. அதற்கெல்லாம் முன்பு, செவ்வாய்க்கிழமைகளில் எங்கள் மூத்தோர் மன்றம் கூடுகிறது. பாதிப் பேர் நத்தாருக்குப் பிள்ளைகளுக்கு என்ன வாங்கிக் கொடுப்பது என்று என்னிடம்தான் கேட்பார்கள்.

தொலைபேசியில் அழைப்பதானால் பிற்பகல் இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் இடையில் வேண்டாம், அது நான் சற்றுச் சரியும் நேரம். அந்தப் பெண்ணே அழைத்து மன்னிப்புக் கேட்டாலும் ஏற்றுக்கொள்வேன். அன்ரி என்று மட்டும் கூப்பிட வேண்டாம். என் பெயர் பற்றுச்சீட்டில் இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: பற்றுச்சீட்டின் பிரதி, மஞ்சள் துண்டின் படம், கூரையின் படம் இரண்டு.