டிரங்குப் பெட்டியை மொத்தமாகக் கொடுத்துவிடாதே

கோயம்புத்தூர்,
நவம்பர் 12

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் மனசுக்கு நிம்மதியாக இருந்தது. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விடச் சொல்லிக் கலாவிடம் சொல். இங்கே எல்லாரும் நலம். சின்னவளுக்குத் திருச்சியில் வேலை கிடைத்திருக்கிறது, தை மாதம் போய்ச் சேர வேண்டும். வீடு பார்க்க இரண்டு தடவை போய் வந்தாயிற்று.

சரி, பெட்டி விஷயத்துக்கு வருகிறேன். வீட்டை இடிப்பதற்கு முன்னால் பரணிலிருந்து அண்ணனின் டிரங்குப் பெட்டியை இறக்கினாய், உள்ளே இருநூறுக்கு மேல் காமிக்ஸ் இருக்கிறது, ஒருவர் எட்டாயிரத்துக்கு மொத்தமாகக் கேட்கிறார் என்று எழுதியிருந்தாய். வரும் ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் வேண்டுமாம். சேகர், வேண்டாம் என்று சொல்லிவிடு. அவசரப்படுத்துகிறவருக்கு அந்தப் பெட்டியில் என்ன இருக்கிறதென்று உன்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கும்.

அந்தப் பெட்டியை நானும் மறக்கவில்லை. அண்ணன் திண்ணையில் உட்கார்ந்து சத்தமாகப் படிப்பார், நாம் இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் தோளில் சாய்ந்துகொண்டு படம் பார்ப்போம். இரும்புக்கை மாயாவி மின்சாரத்தைத் தொட்டால் உடம்பு மறைந்து இரும்புக் கை மட்டும் தெரியும் என்று படித்த அன்றைக்குத்தானே நீ சுவிட்ச் போர்டில் விரலை விடப் போய் அவரிடம் அடி வாங்கினாய்? அப்புறம் ஒரு வாரம் அவர் பெட்டியைத் திறக்கவே இல்லை. புத்தகம் வாங்கின அன்றைக்கே உள் அட்டையில் பெயரும் தேதியும் எழுதிவிடுவார். அந்தக் கையெழுத்து இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

நான் மூன்று வருஷமாக என் புத்தகங்களைக் கடைகளில் கமிஷனுக்கு வைத்து விற்கிறேன் என்று உனக்குத் தெரியும், ஆனால் விவரமாகச் சொன்னதில்லை. கன்சைன்மென்ட் என்று சொல்வது இதைத்தான். கடைக்காரர் உன் புத்தகத்தைக் காசு கொடுத்து வாங்குவதில்லை. தன் கடையில் வைத்து விற்றுத் தருகிறார். விற்றால் தன் பங்கை எடுத்துக்கொண்டு மீதியை உனக்குக் கொடுக்கிறார், விற்காவிட்டால் புத்தகம் உன்னிடம் திரும்பி வரும். விற்கும் வரை அது உன் சொத்து. உன் மகன் அனுப்பினானே ஒரு செய்தி, 1938-ல் 10 சென்ட்டுக்கு வந்த ஆக்‌ஷன் காமிக்ஸ் முதல் இதழின் பிரதி ஒன்று 2024-ல் 60 லட்சம் டாலருக்கு ஏலம் போனது என்று, அந்த மாதிரி ஏலங்களிலும் முறை இதுதான். ஏல நிறுவனம் உடையவருக்காக விற்றுக் கொடுத்துக் கமிஷன் எடுத்துக்கொள்ளும். நம் ஊர்ப் புத்தகத்துக்கு அந்த மாதிரி விலையை மனசில் வைத்துக்கொள்ளாதே. நம்முடையது நூறுகளில் ஓடும், அபூர்வமாகச் சிலது ஆயிரத்தைத் தொடும்.

என் கணக்கையே சொல்கிறேன். என் 140 புத்தகங்களுக்கு ஒருவர் மொத்தமாக ஆறாயிரம் கேட்டார், நான் கொடுக்கவில்லை. உக்கடத்துப் பழைய புத்தகக் கடை வரிசையில் ஒரு கடையிலும் காலேஜ் பக்கத்தில் இன்னொரு கடையிலுமாகப் பத்துப் பத்தாகக் கொண்டுபோய் வைத்தேன். முதல் வருஷத்தில் 41 புத்தகம் போனது. மொத்த விற்பனை 14,350 ரூபாய். கடைக்காரர் பங்கு முப்பது சதவீதம், 4,305 போக என் கைக்கு 10,045 வந்தது. மீதி 99 புத்தகம் அப்போதும் என்னிடமே இருந்தது. முப்பது சதவீதம் அதிகம் என்று வீட்டில் சொன்னார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வாடகை அவர் கட்டுகிறார், தூசி தட்டுகிறார், யாருக்கு எந்த இதழ் வேண்டும் என்று நினைவு வைத்து அவர்களுக்குப் போன் பண்ணுகிறார். அந்த வேலையை நான் செய்திருந்தால் வருஷத்துக்குப் பத்துப் புத்தகம்கூடப் போயிருக்காது.

ஆனால் ஆரம்பத்தில் நன்றாகப் பட்டேன். அது வேறொரு கடை. தெரிந்தவர்தானே என்று எதுவும் எழுதி வாங்காமல் 22 புத்தகங்களைக் கொடுத்தேன். ஐப்பசி மழையில் கூரை ஒழுகியிருக்கிறது. நான் போய்ப் பார்த்தபோது 9 புத்தகங்கள் ஒன்றோடொன்று ஒட்டி அப்பளக் கட்டு மாதிரி இருந்தன. மழைக்கு நான் என்ன செய்ய முடியும் என்றார். எத்தனை கொடுத்தேன் என்பதற்கே என்னிடம் அத்தாட்சி இல்லை. அன்றைக்கு வீட்டுக்கு வந்து சாப்பிடப் பிடிக்காமல் படுத்துவிட்டேன். பணத்தை நினைத்து இல்லை. அதில் இரண்டு, நான் எட்டாம் வகுப்பில் மதியச் சாப்பாட்டுக் காசை மிச்சம் பிடித்து வாங்கியவை.

அப்புறம்தான் ஒரு வக்கீல் நண்பரிடம் கேட்டேன். 1872-ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் 151-ஆவது பிரிவு, பிறர் பொருளைத் தன்னிடம் வைத்திருப்பவர், சாதாரண விவேகமுள்ள ஒருவர் தன் சொந்தப் பொருளைப் பார்த்துக்கொள்வது போல அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது. அடுத்த பிரிவு, அந்த அளவு கவனம் எடுத்திருந்தால், தனி ஒப்பந்தம் ஏதும் இல்லாத நிலையில், நஷ்டத்துக்கு அவர் பொறுப்பில்லை என்கிறது. அந்தத் தனி ஒப்பந்தத்தைத்தான் நான் எழுதாமல் விட்டிருந்தேன். இப்போது ஒரு முழுத்தாள் போதும் என்று வைத்திருக்கிறேன். புத்தகத்தின் பெயர், இதழ் எண், வருஷம், நிலைமை, இதற்குக் கீழே விற்கக் கூடாது என்ற அடிவிலை, நனைந்தாலோ காணாமல் போனாலோ அடிவிலையில் பாதி தர வேண்டும் என்று ஒரு வரி. கடையில் சொல்லும் விலையில் பத்து சதவீதம் வரை என்னைக் கேட்காமலே குறைத்துக் கொடுக்கலாம், ஆனால் அடிவிலைக்குக் கீழே போகக் கூடாது. கணக்கு மாதாமாதம் ஐந்தாம் தேதி. நாலு மாதம் விற்காவிட்டால் எடுத்துக்கொண்டு வேறு பத்து வைத்துவிடுவேன். இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கொரு நகல். ஒவ்வொரு புத்தகத்தின் அட்டை, பின்னட்டை, நடுப்பக்கம் மூன்றையும் போனில் படம் எடுத்துக்கொள்வேன். நல்ல கடைக்காரர் யாரும் இதற்குக் கோபித்துக்கொள்ளவில்லை. என்னை நம்பவில்லையா என்று கேட்டவர் கடையில் நான் வைக்கவில்லை.

பட்டியல் எழுதும்போது ஒன்றைக் கவனி. முத்து காமிக்ஸில் மாயாவி என்றால் இரும்புக்கைக்காரர். ராணி காமிக்ஸில் மாயாவி என்றால் முகமூடி போட்ட ஃபாண்டம், அவரே முத்துவில் வேதாளர். வெறுமனே மாயாவி என்று எழுதினால் கடைக்காரர் குழம்புவார், வாங்குகிறவரும் ஏமாந்ததாக நினைப்பார்.

இதைவிட முக்கியம், எந்தப் பதிப்பு என்பது. 1972-ல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வர ஆரம்பித்தபோது முதல் இதழே இரும்புக்கை மாயாவிதான். அந்தக் கதைகளில் பலவற்றைப் பிற்பாடு அதே நிறுவனம் காமிக்ஸ் கிளாசிக்ஸ் என்ற பெயரில் மறுபதிப்பு போட்டது. 2012-க்கு அப்புறம் பெரிய அளவில், நல்ல தாளில், வண்ணத்திலும் நிறைய வருகிறது. கதை படிக்க ஆசைப்படுகிறவர் புதியதை வாங்கிக்கொள்வார், அதில் எனக்குச் சந்தோஷம்தான். முதல் பதிப்பைத் தேடுகிறவர் வேறு ஆள். அவர் உள் அட்டையைத் திருப்பி வருஷத்தையும் அச்சிட்ட விலையையும் பார்ப்பார். நீயும் அதைப் பார்த்துத்தான் விலை வைக்க வேண்டும். லயன் காமிக்ஸின் முதல் இதழ், 1984 ஜூலையில் மாடஸ்டி என்ற நாயகியின் கதையோடு வந்தது, அண்ணனிடம் இருந்ததாக ஞாபகம். ராணி காமிக்ஸும் அதே மாதம்தான் ஜேம்ஸ் பாண்டோடு ஆரம்பித்தது. 2005 வரை வந்தது, ஐந்நூறு இதழ். அதனால் ராணியில் நடு எண்கள் நிறையக் கிடைக்கும், விலை ஏறாது. ஆனால் ஓர் எண் மட்டும் விட்டுப்போயிருக்கிறது என்று தேடி வருகிறவர்கள் ராணிக்குத்தான் அதிகம். உக்கடத்துக் கடைக்கு ஓர் ஆட்டோ ஓட்டுநர் வருவார், அறுபது வயதிருக்கும். சட்டைப் பையில் விட்டுப்போன எண்களை எழுதிய துண்டுச் சீட்டு வைத்திருக்கிறார். வாரம் ஒன்று வாங்குகிறார். ஒருநாள் நான் அங்கே நின்றுகொண்டிருந்தேன். உறையிலிருந்து எடுத்து முகத்தருகே கொண்டுபோய் வாசனை பார்த்துவிட்டு, நடுப்பக்கத்தைப் புரட்டிப் படம் பார்த்துவிட்டு, எண்ணைச் சீட்டில் அடித்துவிட்டுப் போனார். அவர் கைக்குப் போகிறது என்று தெரிந்தால் கொடுக்க எனக்கு மனசு வருகிறது. மொத்தமாக வாங்குகிறவரிடம் கொடுத்தால் எங்கே போகிறது, யாரிடம் போகிறது என்று நமக்குத் தெரியவே தெரியாது.

நான் வரும் வரை சிலவற்றைச் செய்யாதே. கிழிந்த இடத்தில் செல்லோ டேப் ஒட்டாதே, நாலு வருஷத்தில் அது மஞ்சளாகிப் பக்கத்தையே தின்றுவிடும். ஸ்டேப்ளர் பின் துருப்பிடித்திருந்தால் பிடுங்காதே, தாளோடு வரும். பெட்டியோடு மொட்டை மாடியில் வெயிலில் வைக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதே. அந்தக் காலத்து மலிவுத் தாளில் மரக்கூழின் அமிலம் இருக்கிறது, வெயில் பட்டால் சீக்கிரம் பழுப்பாகி உடைய ஆரம்பிக்கும். நிழலில், விசிறிக் காற்றில், தனித்தனியாகப் பரப்பி ஒருநாள் வைத்தால் போதும். ராமபாணப் பூச்சி இருக்கிறதா என்று முதுகுப் பக்கம் பார். முக்கியமாக, பைண்டிங் செய்து வைக்கலாம் என்று நினைக்காதே. பைண்டர் ஓரத்தை வெட்டிச் சமப்படுத்துவார், சிலர் அட்டையையே கழற்றிப் போட்டுவிடுவார்கள். என் மாமா அப்படிச் செய்த மூன்று வால்யூம் இன்னும் என்னிடம் இருக்கிறது. படிக்க அருமையாக இருக்கும், சேகரிக்கிறவர் யாரும் தொட மாட்டார்.

அண்ணன் பெயர் எழுதியிருப்பதை அழித்துவிடலாமா என்று கேட்டிருந்தாயே, அதற்குப் பதில் எழுதத்தான் இந்தக் கடிதத்தை இரண்டு தடவை கிழித்தேன். பேனா எழுத்து இருந்தால் விலை குறையும், உண்மைதான். ஒரு கடைக்காரர் என்னிடம் நேராகவே சொன்னார், உள் அட்டையில் பெயர் இருந்தால் அடிவிலையில் கால்வாசி குறைத்து வை என்று. குறைத்தே வைப்போம். அழிக்க வேண்டாம். அழித்தால் தாள் உரிந்து அதைவிட அசிங்கமாகும் என்பது ஒரு பக்கம். அவர் வாங்கினார், படித்தார், நமக்குப் படித்துக் காட்டினார் என்பதற்கு அந்த ஒரு வரிதான் இருக்கிறது. வாங்குகிறவர் யாரோ, அவரும் அந்தப் பெயரைப் படித்துவிட்டுப் போகட்டும். அண்ணன் போய் நாலு வருஷம் ஆகியும் அவர் பெயரை உரசி எடுக்க உனக்கும் கை வராது என்று எனக்குத் தெரியும்.

எல்லாவற்றையும் விற்க வேண்டும் என்றும் இல்லை. உன் மகன் எதைக் கேட்கிறானோ அதை முதலில் எடுத்து வை. அம்மாவிடமும் கேள். பெட்டியைப் பார்த்துவிட்டு அவர் எதுவும் பேசவில்லை என்று எழுதியிருந்தாய். கண் தெளிந்ததும் ஒவ்வொன்றாகக் காட்டு.

வரும் மாதம் முதல் சனிக்கிழமை பழநி வழியாகப் பஸ்ஸில் வருகிறேன், இரண்டு நாள் தங்குகிறேன். இங்கே கிடைக்கும் பிளாஸ்டிக் உறை நூறும், உள்ளே வைக்கும் அட்டையும் வாங்கி வருகிறேன். திண்டுக்கல்லில் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பழைய புத்தகக் கடை ஏதாவது இன்னும் இருக்கிறதா என்று பார்த்து வை. உள்ளூரிலேயே ஒரு கடை அமைந்தால் மாதாமாதம் நீயே போய்க் கணக்குப் பார்த்துக்கொள்ளலாம், இல்லாவிட்டால் முதல் பத்தை நான் இங்கே கொண்டுவந்து வைக்கிறேன். அதற்குள் அந்த ஆள் மறுபடி வந்து பத்தாயிரம் தருகிறேன் என்றாலும் அசையாதே. பெட்டியைப் பூட்டிச் சாவியை அம்மாவிடம் கொடுத்துவிடு.

கலாவுக்கும் பையனுக்கும் என் அன்பு. அம்மாவை விசாரித்ததாகச் சொல்.

உன்
ராமநாதன்