வாடகை ஒப்பந்தம் மலையாளத்திலும் வேண்டும்

ஐயா,

செங்கோட்டையில் எங்கள் மாடி வீட்டுக்குப் பெரும்பாலும் கேரளத்தின் புனலூர், ஆரியங்காவு பக்கத்துக் குடும்பங்களே குடிவருகின்றன. "பேசினால் போதாதா, எழுத்து எதற்கு?" என்று இரு தரப்பும் கேட்பது இங்கே வாடிக்கை. நான் எழுதாமல் சாவி கொடுப்பதில்லை.

2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் எழுத்து ஒப்பந்தத்தையும், அதை வாடகை அதிகாரியிடம் பதிவதையும் கட்டாயமாக்கியுள்ளது. பதினோரு மாதம் என்று எழுதினால் பதியவே வேண்டாம் என்று பலர் நம்புகிறார்கள். அது சார்பதிவாளர் அலுவலகப் பதிவுக்கான கணக்கு. இந்தப் பதிவுக்குப் பொருந்தாது.

வாடகை, முன்பணம், வீடு காலி செய்ய எத்தனை மாத அவகாசம் என்பதோடு நிறுத்தக் கூடாது. சாவி கொடுக்கும் நாளின் கரண்ட் மீட்டர் அளவு, மின்விசிறிகள் எத்தனை, தண்ணீர் மோட்டார் பழுதானால் செலவு யாருடையது, வெள்ளையடிக்க எவ்வளவு பிடிப்போம் என்பதெல்லாம் எழுத வேண்டும். முன்பணத்தைத் திருப்பித் தரும்போது சண்டை வருவது இவற்றில்தான்.

தமிழ் நன்றாகப் பேசும் மலையாளிகளுக்கும் தமிழ்ப் பத்திரம் படிக்க வராது. வரிவரியாக வாசித்துக் காட்டித்தான் கையெழுத்து வாங்குகிறேன். படிக்க முடியாத தாளில் ஒருவரைக் கையெழுத்திட வைப்பது நியாயமில்லை. எல்லையோர ஊர்களுக்காவது தமிழும் மலையாளமும் எதிரெதிரே அச்சிட்ட மாதிரி ஒப்பந்தப் படிவத்தை அரசு தர வேண்டும். ஆன்லைன் பதிவுக்கு உதவ நகராட்சியில் ஓர் ஆளையும் அமர்த்த வேண்டும்.

வாசகி,
செங்கோட்டை